வெள்ளைத் துணிக்குப் பின்னால் ஒரு ஸ்கொட்லாந்துக் கோட்டை

1

மகளின் கலியாணம் முடிந்து சரியாக ஒரு வருடமான அன்று, இளவாலையில் இருக்கும் என் தங்கை றீற்றாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கலியாண டீவீடீ ஒருவழியாக அவள் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. போரில் மூடிக் கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்திருக்கிற காலம் என்றபடியால் மொன்றியலிலிருந்து போன ஒருவர் கொழும்புவரை கொண்டுபோக, அங்கிருந்து வான்காரர் ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். சொந்தக்காரர் எல்லோரும் கூடியிருந்து பார்த்து முடித்துவிட்டார்கள். வாழ்த்துச் சொல்லப் போகிறாள் என்று காதைக் கொடுத்தேன்.

"அண்ணை, கோட்டையில வைச்சனாங்கள் எண்டு சொன்னியள். இது எங்கட பங்குக் கோயில் ஹோல் மாதிரியெல்லே கிடக்கு. எங்க பாத்தாலும் வெள்ளைச் சீலை."

"அதுக்குப் பின்னாலதான் கோட்டை இருக்கு."

"பின்னால எண்டால்? பின் வளவுக்கையோ?"

"சீலைக்குப் பின்னால."

தொலைபேசி அட்டையில் நிமிடங்கள் கரைந்துகொண்டிருந்தன.

"ஏன் அண்ணை எங்களுக்குப் பொய் சொல்லுறியள்? ஹோல் எண்டாலும் நாங்கள் குறை சொல்லப்போறமே?"

கோபம் வந்தது. இந்த விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை. வேறொரு விஷயத்தில் சொல்லியிருக்கிறேன், அதற்கும் இந்தக் குறிப்பில் இடம் உண்டு. டீவீடீயில் தெரியாத கோட்டையை எழுதியாவது காட்டவேண்டும் என்றுதான் ஊர்த் தேவாலயத்தின் பங்கு மலருக்கு இதை அனுப்புகிறேன். றீற்றா வாசிக்கட்டும். மற்றவர்களும் வாசிக்கட்டும்.

2

கோட்டை என்றால் எங்கள் சனத்துக்கு யாழ்ப்பாணக் கோட்டைதான். அகழி, பீரங்கி, தடித்த சுவர். நான் சொல்வது அந்த ரகம் இல்லை. இது மொன்றியல் நகரின் நடுவில் இருக்கும் மலைச் சரிவில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் கட்டிய வீடு. அவருடைய தகப்பன் ஸ்கொட்லாந்தில் ஒரு பிரபுவின் கோட்டையில் தோட்டக்காரனாக இருந்தவர். மகன் கப்பலேறி இங்கே வந்து, தோல் வியாபாரத்திலும் சீனியிலும் பணக்காரனாகி, தகப்பன் புல்லு வெட்டிய கோட்டையை அப்படியே பார்த்து இங்கே ஒன்றைக் கட்டிவிட்டார். பார்க்கவும் விருந்துக்கு வாடகைக்கு எடுக்கவும் இப்போது வருகிறவர்களுக்குக் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தில் 'தாயகத்தின் மீது கொண்ட பற்று' என்று போட்டிருக்கிறது. வெளிநாடு போன எங்கள் ஆட்கள் ஊரில் மூன்று மாடி எழுப்புவதற்கும் அதே பற்றுத்தான் காரணம். பிரபுவுக்குக் காட்டவேண்டும், அவ்வளவுதான்.

வெளியே சாம்பல் நிறக் கருங்கல். சுவரின் மூலைகளில் உருண்டைக் கோபுரங்கள் தொங்குகின்றன. அவை தரையிலிருந்து எழும்புவதில்லை, இரண்டாம் மாடிச் சுவரிலிருந்து பிதுங்கி வந்து, தலையில் கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும். முகட்டுச் சுவர் நேராகச் சரியாமல் படிப்படியாக ஏறி இறங்கும். அதில் காகம் உட்கார வசதி. ஸ்கொட்லாந்தில் எல்லாக் கோட்டைக்கும் இப்படித்தான் என்கிறார்கள். அம்பு விடுகிற ஒடுங்கிய துவாரங்களும் உண்டு, ஆனால் குளிருக்குப் பயந்து அவற்றுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டாயிற்று. கூரையோரம் வரிசையாகப் பீரங்கி வாய் நீட்டிக்கொண்டிருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் மழைத் தண்ணீர் போகிற பீலி. அந்த வீட்டை யாரும் ஒருநாளும் தாக்கியதில்லை. அணில்கள் மட்டும் வருடா வருடம் முயற்சி செய்கின்றன.

உள்ளேதான் விஷயம் இருக்கிறது. வாசலைத் தாண்டினால் பெரிய மண்டபம். ஆளுயரத்துக்கு மேலேயும் ஓக் மரப் பலகை அடித்த சுவர். ஒவ்வொரு பலகையிலும் மடித்து வைத்த துணியைப் போல் செதுக்கியிருக்கிறார்கள், மடிப்புக்கு மடிப்பு தூசி பிடிக்கும். அதற்கு மேலே பதினான்கு மான் தலை. ஸ்கொட்லாந்து மான் போதாமல், கடைசி மூன்றும் கனடாவில் சுட்டது. மூக்கைப் பார்த்தாலே தெரியும். மேலே வெள்ளைச் சாந்தில் பூவேலை செய்த உட்கூரை: அந்த நாட்டு முட்செடிப் பூ ஒன்று, ரோசாப்பூ ஒன்று என்று மாறி மாறி ஓடி, நடுவில் கொத்தாகக் கீழே இறங்கும். நெருப்பு மூட்டும் மாடத்துக்கு மேல் குடும்பக் கேடயம், அதில் இலத்தீனில் 'அசையேன்' என்று வெட்டியிருக்கிறது. மெழுகு பூசும்போது அது அசையும்.

சுழல் படிக்கட்டு வலப்பக்கமாகச் சுற்றி ஏறுகிறது. மேலே நிற்பவன் வலக் கையால் வாள் வீச இடம் இருக்கவேண்டுமாம், கீழிருந்து வருகிறவனுக்குச் சுவர் இடிக்கவேண்டுமாம். வழிகாட்டிப் பெண் இதைச் சொல்லும்போது வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். வாளியோடு கீழிருந்து ஏறுகிறவனுக்கும் அதே சுவர்தான் இடிக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த மண்டபத்தில் கல் என்று நீங்கள் நினைக்கிற மேற்சுவர் கல் இல்லை. சாந்து பூசி, கோடு கீறி, கல் நிறம் அடித்தது. பச்சைச் சலவைக்கல் தூண் நான்கும் உள்ளே மரம். ஈரத் துணியால் துடைத்தால் சலவைக்கல் குளிரும், இது குளிராது. அந்த ஸ்கொட்லாந்துக்காரர் விருந்தாளிகளை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்.

3

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போது கேட்பீர்கள். 'ஒரு கோட்டையில் உத்தியோகம்' என்று ஊருக்கு எழுதியவன் நான். அங்கே பொறுப்பாக இருக்கிறேன் என்றும் எழுதினேன். வாளிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அந்த வீட்டின் துப்புரவுத் தொழிலாளி நான்தான். மான் கொம்பை மென்மையான தூரிகையாலும், மான் கண்ணைப் பஞ்சாலும் துடைக்கவேண்டும். பலகைக்குத் தேன்மெழுகு. சாந்துப் பூவை ஒருபோதும் ஈரத்தால் தொடக்கூடாது. இவற்றை எனக்குச் சொல்லித் தரக்கூட ஆள் இருக்கவில்லை, இரண்டு பூவை உடைத்துத்தான் படித்தேன். உடைந்த இரண்டும் வடமேற்கு மூலையில் இருக்கின்றன. பசை போட்டு ஒட்டியது நான் என்று நிர்வாகத்துக்கு இன்னும் தெரியாது, ஆகவே கோட்டையின் பெயரை இங்கே எழுதமாட்டேன்.

வேலை கிடைத்தபோது மகள் மெலனிக்குப் பத்து வயது. எங்கள் சனம் நெருங்கி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. மனைவி ஜெசிந்தா சனிக்கிழமைகளிலும் தையல் ஆலைக்குப் போவாள். பிள்ளையை விட இடமில்லை. அதனால் மெலனி என்னோடு மெத்ரோ ரயில் ஏறி வருவாள். நான் துடைக்கத் தொடங்கினால் அவள் மண்டபத்தின் நடுவில் கட்டம்போட்ட கம்பளத்தில் மல்லாந்து கிடந்து சாந்துப் பூக்களை எண்ணுவாள். பிரெஞ்சில் எண்ணத் தொடங்கி, நூறு தாண்டியதும் குழம்பி, தமிழில் மறுபடி தொடங்குவாள். சில வருடங்களில் தமிழுக்குத் திரும்புவது நின்றுவிட்டது.

பதினாலு வயதில் வருவதையும் நிறுத்தினாள். சிநேகிதிகள், தொலைபேசி, பூட்டிய கதவு. கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் தமிழில் கேட்பேன், அந்தப் பக்கத்திலிருந்து பிரெஞ்சில் பதில் வரும். பள்ளிக்கூடத்தில் தகப்பனின் தொழில் எழுதவேண்டிய இடத்தில் என்ன எழுதினாள் என்று நான் கேட்டதில்லை. நான் என்ன எழுதச் சொல்லியிருப்பேன் என்றும் எனக்குத் தெரியாது.

4

மெலனிக்கு ரொறன்ரோவில் மாப்பிள்ளை அமைந்தது. றொஷான், எங்கள் ஆட்கள்தான், அவர்களாகவே பழகி முடிவெடுத்தது. சம்பந்தி வீட்டார் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளையின் தகப்பன் மரியநாயகம் பல் வைத்தியரின் விளம்பரத்தில் வருகிற ஆளைப்போல மடிப்புக் கலையாத கோட்டு போட்டிருந்தார். என்னைப் பார்த்து, "என்ன செய்யிறியள்?" என்றார்.

"ஒரு பழைய மாளிகையின்ர பராமரிப்பைப் பாக்கிறன்," என்றேன். "நீங்கள்?"

"நானும் கட்டட சேவைகள் பக்கம்தான்," என்றார். இருவரும் தலையாட்டிக்கொண்டோம். இரண்டு அதிகாரிகள் சந்தித்த மாதிரி இருந்தது.

கலியாணத்தில் மெலனி எல்லாவற்றுக்கும் இணங்கினாள். காலையில் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை, கூறைச் சேலை, தலைநிறையப் பூ, மாமாமார் மைக் பிடித்துப் பேசுவது, ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. மாலை வரவேற்பை மட்டும் கோட்டையில் வைக்கவேண்டும் என்றாள். மனுசன் வேலை செய்கிற இடத்திலா பிள்ளையின் கலியாணத்தை வைப்பது? ஆனால் பத்து வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

பிறகு இன்னும் ஒன்று கேட்டாள்.

"அப்பா, துணி கட்ட வேண்டாம். ஹோல் இருக்கிற மாதிரியே இருக்கோணும். எனக்கு வாக்குத் தாங்கோ."

"ஓம் பிள்ளை."

"உண்மையாவோ?"

"ஓம் எண்டு சொல்லுறன்தானே."

நிர்வாகி மதாம் ஜினெத் பதினொரு பக்க ஒப்பந்தத்தை நீட்டினார். முழுக்கப் பிரெஞ்சு. ஆணி கூடாது, ஒட்டுநாடா கூடாது, மெழுகுதிரி கூடாது, அரிசி எறியக் கூடாது, நூற்றெண்பது பேருக்கு மேல் கூடாது. நூற்றெண்பது பேரோடு கலியாணம் செய்தபடியால் பார்க் எக்ஸ்டென்ஷனில் பாதிச் சனம் என்னைக் கண்டால் இன்னும் வீதியைக் கடந்து போகிறது. கடைசிப் பக்கத்தில், மண்டபத்துக்குச் சேதம் வந்தால் வாடகைக்கு எடுத்தவர் துப்புரவுப் பொறுப்பாளருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்றிருந்தது. இரண்டு பேரும் ஒப்பமிட இரண்டு கோடு.

"மதாம், இரண்டும் நான்தானே," என்றேன்.

"அப்படியென்றால் இரண்டு தடவை ஒப்பமிடுங்கள், முசியே," என்றார் சிரிக்காமல்.

எனக்கு நானே கடிதம் எழுதச் சம்மதித்து ஒப்பமிட்டேன்.

5

இனி சிறில். ஜெசிந்தாவின் தம்பி, மெலனிக்குத் தாய்மாமன். மொன்றியலில் தமிழ்க் கலியாணங்களுக்குச் சோடனை செய்கிறவன். அவன் வீட்டு நிலவறையில் வெள்ளைச் சாட்டின் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும், பக்கத்தில் றெஜிபோம் என்கிற பாரமில்லாத நுரை அட்டையில் செய்த தூண்கள், இரண்டு றெஜிபோம் யானைகள். இடம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன அத்தான், ஒரே கறுப்பாக் கிடக்கு. செத்தவீடு மாதிரி."

"அது ஓக் மரம்."

"மரமெண்டால் பெயின்ற் அடிக்கேலாதோ?" மான் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினான். "இவ்வளவு சீவனும் பாத்துக்கொண்டிருக்க ஆர் அத்தான் இதுக்க இருந்து சாப்பிடுறது? கவலைப்படாதேங்கோ. முழுக்க மூடிவிடுறன். என்ர மருமகளுக்கு நான் செய்யிற சீர் இது. ஒரு சதமும் வேண்டாம்."

இந்த இடத்தில் வாயைத் திறந்து 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கவேண்டும். தாய்மாமன் சீரை வேண்டாம் என்று சொன்ன ஒருவரை எனக்குக் காட்டுங்கள். முகத்துக்கு நேரே மறுப்பது எங்கள் ஆட்களுக்கு வராத கலை. நான் மகளுக்கு ஓம் சொன்ன அதே வாயால் சிறிலுக்கும் ஓம் சொன்னேன். கலியாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை, கலியாணம்தான் வந்தது.

முதல்நாள் பின்னேரம் சிறில் நான்கு பேரோடு வந்து இறங்கினான். ஆணி கூடாது என்றபடியால் இரும்புக் குழாய்களை நிறுத்தி, குறுக்கே குழாய் போட்டு, அதில் துணியை மடிப்பு மடிப்பாக இறக்கினார்கள். மரத்தில் யாரோ வருடக்கணக்கில் செதுக்கிய துணி மடிப்புக்கு முன்னால் உண்மையான துணி மடிப்பு வந்து நின்றது. மான் தலைகளுக்கு மேலாக வெள்ளை போனதும் கொம்புகள் முட்டிக்கொண்டு நின்றன. சாந்துப் பூவை மறைத்து இளஞ்சிவப்பு வலை. நெருப்பு மாடத்துக்கு இரு பக்கமும் யானை. மரத்தில் செய்த சலவைக்கல் தூணுக்குப் பக்கத்தில் றெஜிபோமில் செய்த சலவைக்கல் தூண் நின்றது, எது எவரின் பொய் என்று பார்த்துப் பிடிக்கமுடியாது.

ஊரில் கலியாணப் பந்தலுக்கு வெள்ளை கட்டுவது உங்களுக்குத் தெரியும். தென்னோலைக் கிடுகுக் கூரையிலிருந்து தூசியும் பூச்சியும் சோற்றில் விழாமல் இருக்க அது தேவை. என்னுடைய கலியாணத்துக்கும் கட்டினார்கள், அப்படியிருந்தும் ஒரு பல்லி மாப்பிள்ளைத் தோழனின் கோப்பையில் விழுந்தது. இங்கே எந்தப் பல்லிக்குப் பயந்து கட்டுகிறோம் என்று நாங்கள் யோசிப்பதில்லை. வெள்ளை இல்லாவிட்டால் கலியாணம் போலத் தெரியாது, செலவுக்குப் பயந்துவிட்டோம் என்று ரொறன்ரோக்காரர் சொல்வார்கள்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். ஏணியைப் பிடித்தது நான். எந்தக் குழாயை எங்கே நிறுத்தினால் பலகை கீறுப்படாது என்று காட்டியதும் நான். கடைசித் துணி விழுந்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. வாளியும் துடைப்பமுமாக நான் அலைந்த இடம் மறைந்துபோயிற்று. நாளைக்குச் சம்பந்தி பக்கத்தில் கோட்டு போட்டு நிற்கும்போது, ஒரு மூலையைப் பார்த்தாலும் என் கண் சிலந்தி வலையைத் தேடாது. நான் வெறும் பெண்ணின் தகப்பன். அந்தத் துணி எல்லாவற்றையும் விட என்னைத்தான் மறைத்தது.

6

மறுநாள் மாலை மெலனி றொஷானின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். மேலே பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன். சிறில் மாமாவிடம் போய் "வடிவாயிருக்கு மாமா, தாங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு மேடையில் போய் இருந்துகொண்டாள். அந்தச் சிரிப்பு படத்துக்கு வைத்த சிரிப்பு. ஜெசிந்தா என் காதுக்குள், "இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லி வைச்சனீங்கள்?" என்றாள். நான் பலகாரத் தட்டைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

சம்பந்தியம்மாவுக்கு மெத்தத் திருப்தி. "ரொறன்ரோவில கூட இப்பிடி முழுக்க மூட மாட்டினம்," என்றார்.

மாமாமார் பேசி முடித்தார்கள். வீடியோக்காரர் பரிமாறத் தயாராக இருந்த சாப்பாட்டைப் படம் பிடிக்கக் கீழ்மாடிக்குப் போனார், றீற்றா, இதைக் கவனித்துக்கொள். அவர் கீழே புரியாணியைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மெலனி மைக்கை எடுத்தாள். முதலில் பிரெஞ்சு, பிறகு ஆங்கிலம், எல்லோருக்கும் நன்றி. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். தமிழில் தொடங்கினாள்.

"நான் இந்த ஹோலைக் கேட்டது வடிவெண்டதுக்காக இல்லை. பதின்மூண்டு வருசமா எங்கட அப்பா இதைத் துடைக்கிறார். இந்தச் சுவர், அந்த மான், மேல இருக்கிற பூ, எல்லாம். சின்ன வயசில நான் கீழ படுத்திருந்து பாப்பன். எங்கட அப்பாவின்ர வேலையை நீங்கள் எல்லாரும் பாக்கோணும் எண்டு ஆசைப்பட்டன். இண்டைக்குத் துணி கட்டிக் கிடக்கு. பரவாயில்லை. அதுக்குப் பின்னால அவர் துடைச்ச சுவர்தான் இருக்கு."

நூற்றெண்பது தலையும் என் பக்கம் திரும்பியது. என் முகம் சுட்டது. பராமரிப்பு அதிகாரி அந்த இடத்திலேயே செத்துப்போனார். வெட்கம் முதலில் வந்தது, பொய் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு வந்ததற்கு எனக்குப் பெயர் தெரியாது. பத்து வருடம் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்த பிள்ளை என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று அன்றுதான் அவள் வாயால் கேட்டேன்.

எழும்பி நேரே சுவருக்குப் போனேன். முடிச்சு எங்கே என்று தெரியும், நானே பிடித்துக் கொடுத்தது.

"அத்தான், என்ன செய்யிறியள்?" என்று சிறில் ஓடி வந்தான்.

"தம்பி, அந்தப் பக்கத்தைப் பிடி."

"அத்தான், சீர்…"

"சீர் நல்ல வடிவு. இப்ப அந்தப் பக்கத்தைப் பிடி."

பிடித்தான். இதற்குப் பிறகு மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை, ஆனால் அந்த நேரம் பிடித்தான், அதை மறக்கமாட்டேன். ஒரு பக்கத்துத் துணி முழுவதும் சரிந்து விழுந்தது. ஓக் பலகை மின்னியது. மான் ஒன்று கொம்பில் வலையோடு வெளியே வந்து சனத்தைப் பார்த்தது. யாரோ ஒரு குழந்தை அழத் தொடங்கியது. யாரோ கை தட்டினார்கள். வீடியோக்காரர் பிறகு ஏறி வந்து, துணி மிஞ்சிய பக்கத்தை மட்டும்தான் பிடித்தார்.

சம்பந்தி மரியநாயகம் கதிரையை விட்டு எழும்பி என்னிடம் வந்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பலகையில் உள்ளங்கையை வைத்து மெல்ல இழுத்தார். விரல்களை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"தேன்மெழுகோ?"

"ஓம்."

"என்ன துணி?"

"உடுத்துப் பழசான சாரம்."

"அதுதானே பாத்தன். கடைத் துணி நூல் விடும்." குரலைத் தாழ்த்தினார். "நான் அங்க முப்பத்திரண்டு மாடி துடைக்கிறன். இரவு வேலை. மனிசிக்கு இதைச் சபையில கதைச்சால் பிடிக்காது." பிறகு குனிந்து, பலகையின் அடி மூலையைக் கையால் காட்டினார். "இதில கொஞ்சம் விட்டிட்டியள்."

குனிந்து பார்த்தேன். மெழுகு வெள்ளையாக உறைந்து நின்றது. மனுசன் சொன்னது சரி. கோட்டுப் பையிலிருந்து கைலேஞ்சித் துணியை எடுத்துக்கொண்டு முழங்காலில் இருக்கப் போனேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது. வளையல் நிறைந்த கை.

"அப்பா, இண்டைக்கு வேண்டாம். வந்து இருங்கோ."

மண்டபத்தின் நடுவுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். பதின்மூன்று வருடத்தில் அந்த மண்டபத்தில் நான் கதிரையில் இருந்தது அன்றைக்குத்தான்.